மாமாவின் சிஸ்டத்துக்கு மாற்று எது? ஐந்து யோசனைகள், ஒரு கோடு

அக்கா வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் 2014-இல் அசெம்பிள் செய்தது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஸ்விட்சைத் தட்டிவிட்டு மாமா பல் தேய்த்து, பேப்பரில் இரண்டு பக்கம் பார்த்து, காபியோடு வந்து உட்காருவார். நீல வளையம் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். போன மாதம் அதுவும் நின்றுபோய், திரை இருட்டாகி, பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"தம்பி, இதோட மல்லுக்கட்ட முடியலடா. நீ எதைச் சொல்றியோ அதை வாங்கிடலாம்" என்றாள் அக்கா.

அவ்வளவுதான், வீட்டில் ஆளுக்கொரு கட்சி. மாமாவுக்குப் புது டெஸ்க்டாப். அக்கா மகள் பாப்பாவுக்கு லேப்டாப். பக்கத்து வீட்டு அண்ணன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு "எஸ்எஸ்டி போடுங்க சார், பறக்கும்" என்கிறார். சென்னையில் இருக்கும் மாமாவின் தம்பி கையளவு மினி பிசி வாங்கச் சொல்கிறார். எனக்கோ, ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கட்டி வரும் யூஸ்டு சிஸ்டம் மேல் ஒரு கண்.

யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் சைட். பாப்பா பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ். சி++ எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டும், அடுத்த வருஷம் பைத்தான். அக்காவுக்கு கரண்ட் பில், யூடியூப், மருமகன் முறையில் யாரோ அனுப்பிய கல்யாணப் படங்கள். கேம், வீடியோ எடிட்டிங் எதுவும் இல்லை. நம் ஊர் வீடுகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐந்தையும் பிரிக்கிற கோடு ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஓராண்டு நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். டெஸ்க்டாப்பில் எட்டாம் தலைமுறை வந்தது 2017 கடைசியில். ஆக, 2018-க்கு முந்தைய பெட்டி ஏறக்குறைய எல்லாமே கோட்டுக்கு அந்தப் பக்கம்.

கண்டுபிடிப்பது சுலபம். பிராசசர் பெயரில் ஹைஃபனுக்கு (-) அடுத்து வரும் எண் எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஐ5-8500 என்றால் எட்டு. ஐ5-7500 என்றால் ஏழு. ஐ7-4790 என்றால் நான்கு. யூஸ்டு கடைகளில் "சார், இது ஐ7" என்று அழுத்திச் சொல்லி விற்பது பெரும்பாலும் இந்த நான்கைத்தான். பெயரில் ஏழு இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. விண்டோஸ் 11 அந்த ஐ7-ஐத் திருப்பி அனுப்பிவிட்டு, ஐ3-8100-ஐ உள்ளே விடும். குறுக்கு வழியில் பழைய பெட்டியிலும் விண்டோஸ் 11 ஏற்றலாம், ஏற்றியும் இருக்கிறேன். ஆனால் அப்படி ஏற்றிய பெட்டிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அடுத்தவர் கணக்கு இருக்கிற சிஸ்டத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

சரி, முதலில் பக்கத்து வீட்டு அண்ணன் கட்சி.

எஸ்எஸ்டி பற்றி அவர் சொன்னது முழுக்க உண்மை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, முள் நகர்ந்து, வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிக்க ஒவ்வொரு தடவையும் பத்து மில்லிசெகண்ட் போகும். எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை. அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுவதால் இந்த வித்தியாசம் அப்படியே கண்ணுக்குத் தெரியும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு, பிராசசர் சும்மா உட்கார்ந்திருந்தால் உங்கள் நோய் இதுதான்.

பெட்டியைத் திறந்தேன். பக்கத் தகட்டின் ஸ்குரூ இரண்டு துருவோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. முன்பக்க யுஎஸ்பி துளைகளில் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று. ராமைக் கழற்றினால் தங்க நிறப் பல்வரிசை மங்கி, அங்கங்கே கருப்புத் திட்டு. பாப்பாவின் பென்சில் டப்பாவிலிருந்து அழி ரப்பரை வாங்கி, இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன். பீப் நின்றது. நான் ஏதோ மந்திரம் போட்டதைப் போல அக்கா பார்த்தாள். கடலோரத்தில் "சிஸ்டம் போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதில் நிறைய, இந்த ரப்பர் வேலையோடு முடிந்துவிடும். வேலையைத் தொடங்கும் முன் பிளக்கை உருவிவிடுங்கள்.

அப்புறம் என்னிடம் இருந்த ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டியைப் போட்டுப் பார்த்தேன். அரை நிமிஷத்துக்குள் டெஸ்க்டாப் வந்துவிட்டது. மாமாவுக்குப் பல் தேய்க்க நேரமில்லை. ஆனால் வேகம் கூடியதே தவிர வயசு குறையவில்லை. அது இன்னமும் நான்காம் தலைமுறைதான், கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டால் அப்டேட் பிரச்சினை தீர்ந்துவிடும், தமிழ்99 தட்டச்சும் கிடைக்கும், பாப்பாவின் சி++ விண்டோஸைவிட அதில் ஒழுங்காகவே ஓடும். டேலி ஓடாது. மாமாவின் பிழைப்பு டேலி. எனவே இந்த வழி நல்ல வழி, மாமாவுக்கான வழி இல்லை.

லேப்டாப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும், யுபிஎஸ் தேவையில்லை, மழை வந்தால் மடக்கித் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கடலூர்க்காரனுக்கு இது சின்ன விஷயமில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்றைக்கு அக்கா முதலில் செய்தது சிபியுவை அலமாரி மேல் ஏற்றியதுதான். ஆனால் மூன்று பேருக்குப் பொதுவாக லேப்டாப் வாங்கினால் அது ஒருத்தர் மடியில்தான் இருக்கும். யார் மடி என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். டேலியில் வவுச்சர் போடுகிறவருக்குத் தனி நம்பர் பட்டன்கள் உள்ள பெரிய கீபோர்டும், கண் மட்டத்தில் திரையும் வேண்டும். பல மாடல்களில் ராம் போர்டோடு ஒட்டி வருகிறது, பின்னால் கூட்ட முடியாது. பாப்பா காலேஜ் போகும்போது வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். அவள் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டாம்.

புது டெஸ்க்டாப்பில் மாமாவுக்கு ஆசை அதிகம். பில்லோடு, பெட்டி வாசனையோடு. புதுச்சேரியில் ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கினோம்: ஐ3-12100, 8 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டர் இல்லாமல் 30,000 ரூபாயைத் தாண்டியது. நல்ல பிராசசர்தான், 2022-இல் வந்தது, மாமாவுக்கு இன்னும் பத்து வருஷம் தாங்கும். ஆனால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை தலைகால் தெரியாமல் ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் மொத்தமாகப் போவதால் நமக்கு மிஞ்சுவது குறைவு. புதுசாக அசெம்பிள் செய்வதற்கு இது கெட்ட நேரம்.

அப்படியும் புதுசுதான் வேண்டும் என்றால் இரண்டு இடத்தில் கண் வையுங்கள். ஒன்று, 12100 என்பதன் பின்னால் 'எஃப்' இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது, தனியாகக் கார்டு வாங்கினால்தான் திரையில் படம் வரும். கொட்டேஷனில் விலை சட்டென்று குறைந்து தெரிந்தால் அந்த எழுத்து ஒளிந்திருக்கும். இரண்டு, கேபினட்டோடு "ஃப்ரீ" என்று வரும் எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பாகம். மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், தூக்கினால் காலி டப்பா கனம்கூட இருக்காது. கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் மதர்போர்டுக்குக் காவல் அதுதான். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இங்கே ஒரு கிளைக்கதை. "பாண்டியில் வாங்கினால் வரி குறைவு" என்று இன்றைக்கும் கடலூரில் சொல்கிறவர்கள் உண்டு. அது ஜிஎஸ்டிக்கு முந்தைய கதை. 2017 ஜூலைக்குப் பிறகு கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கமும் ஒரே 18 சதவீதம். பெட்ரோலில் வித்தியாசம் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. பாண்டிக்குப் போனால் கடைகள் கூட, நாலு இடம் விசாரிக்கலாம், அவ்வளவே. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை இறங்கலாம். ஆனால் வாரண்டிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி பஸ் ஏற வேண்டுமே. அரியாங்குப்பம், தவளக்குப்பம், ரெட்டிச்சாவடி வழியாக ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிற தூரத்தில் இருக்கும் கடைக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

மினி பிசியை நான் முதலில் விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன். அப்படியில்லை. 2023-இல் வந்த இன்டெல் என்100 பிராசசர் போட்ட பெட்டி டிபன் பாக்ஸ் அளவுதான், மானிட்டர் முதுகிலேயே மாட்டிவிடலாம். வெள்ளம் வந்தால் தூக்கவே வேண்டாம். கரண்ட் செலவிலும் ஜெயிப்பது இதுதான். பழைய டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 120 வாட் என்று வையுங்கள். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். மினி பிசி மட்டும் 20 வாட் என்றால் அதே கணக்கில் ஏழு யூனிட். மானிட்டரைச் சேர்த்தாலும் பாதியைத் தொடாது. ஏசி ஓடுகிற வீட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபே மாறிவிடும் தமிழ்நாட்டில் இது காசுதான்.

ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. என்100 போர்டில் ராம் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்லாட், சிலதில் ஒட்டியே வரும். கெட்டுப்போனால் திறந்து பார்க்க நம் ஊர் மெக்கானிக்கிடம் ஒன்றுமில்லை, முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். பெயர் தெரியாத பிராண்டுகள் நிறைய, சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. அக்கா மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் இதையே சொல்லியிருப்பேன்.

மிச்சம் யூஸ்டு ஆபீஸ் சிஸ்டம். கம்பெனிகள் லீஸ் முடிந்ததும் நூறு இருநூறாகக் கழித்துவிடும் பிராண்டட் பெட்டிகள். ஏசி அறையில் எக்செல்லும் மெயிலும் மட்டும் பார்த்து வளர்ந்தவை. ஐ5-8500, ஆறு கோர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஒரு வருஷக் கடை வாரண்டி என்று 15,000 ரூபாயை ஒட்டிக் கிடைத்தது. புதுசில் பாதி விலை. ராம் உள்ளேயே இருக்கிறது. அந்த விலையேற்றம் இந்தப் பெட்டியை ரொம்பத் தொடவில்லை. விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோடு பதிந்தே வரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஆகச் சல்லிசான வழி இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. இந்த ஆபீஸ் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் தனி வடிவம், மதர்போர்டு பிளக்கும் தனி. புகைந்துவிட்டால் மஞ்சக்குப்பம் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளே போகாது, அதே மாடலைத் தேடி அலைய வேண்டும். நான் கடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வியே "அண்ணே, இதுக்கு எஸ்எம்பிஎஸ் ஸ்பேர் வச்சிருக்கீங்களா?" என்பதுதான். உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். இல்லை என்று சொல்லியிருந்தால் அடுத்த கடைக்குப் போயிருப்பேன். அங்கேயே ஆன் செய்து, விண்டோஸ் எழும் முன் திறக்கிற செட்டிங்ஸ் திரையான பயாஸ் உள்ளே போய்ப் பாருங்கள். பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். எங்களுக்குக் காட்டிய முதல் பெட்டியில் அது முப்பதாயிரத்தை நெருங்கியிருந்தது. முகத்தைச் சுளித்ததும் வேறு எஸ்எஸ்டி மாற்றிக் கொடுத்தார்.

வாங்கியாகிவிட்டது. மாமாவுக்கு இரண்டு நாள் முகம் சரியில்லை, "அடுத்தவன் தேய்ச்ச சாமான்" என்று முனகினார். மூன்றாம் நாள் ஜிஎஸ்டி சைட், டேலி, பேங்க் மூன்றையும் ஒன்றாகத் திறந்து வைத்து வேலை செய்தபோது அந்தப் பேச்சு வரவில்லை. சொதப்பியது ஒரே இடம்தான்: பழைய மானிட்டரில் இருப்பது விஜிஏ கேபிள், புதுப் பெட்டியில் அது நுழையாத டிஸ்பிளே போர்ட் துளை மட்டும். ராத்திரி எட்டு மணிக்கு கன்வெர்ட்டர் தேடி திருப்பாதிரிப்புலியூர் வரை ஓடினேன். நீங்கள் பகலிலேயே பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

பழைய பெட்டியில் மின்ட் போட்டு பாப்பாவின் மேஜைக்குக் கீழே, ஒரு மணையின் மேல் வைத்திருக்கிறோம். ஒரு விஷயம் மட்டும் அதை அழிப்பதற்கு முன்னால் செய்தோம்: டேலி லைசென்ஸை அந்தப் பெட்டியிலேயே திறந்து சரண்டர் செய்தோம். அதைச் செய்யாமல் டிஸ்க்கை அழித்திருந்தால், புது இடத்தில் ஆக்டிவேட் செய்ய ரிட்டர்ன் தேதி நெருக்கத்தில் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்போம்.