ரோஸ் ஹில்லில் ஒரு கிரியோல் பாட்டு வகுப்பு

மொரீஷியஸின் ரோஸ் ஹில் நகரில், இங்கு பரவலாகப் பேசப்படும் கிரியோல் மொழியில் சனிக்கிழமை பிற்பகல்களில் நடக்கும் பாட்டு வகுப்பு ஒன்றில் சில மாதங்களாகக் கற்று வருகிறேன். செகா என்னும் இந்நாட்டு ஆட்டத்தை ஆடவும் அதற்குரிய ரவான் என்னும் தோல்கருவியை அடிக்கவும் சொல்லிக் கொடுக்கும் இடங்கள் மொரீஷியஸில் பல உண்டு. இங்கே கற்பிக்கப்படுபவையோ 1970களின் போராட்டப் பாடல்கள், நாம் 'சாந்தே ஆங்காஜே' என்று சொல்லும் வகை. பாட்டின் பொருள் விளங்கும் வரை ஆசிரியர் யாரையும் மெட்டுக்குள் போக விடுவதில்லை. அதற்காகவே இந்த வகுப்பைப் பிறருக்கும் பரிந்துரைக்கிறேன்.

முதலில் எடுத்துக்கொண்ட பாடலில் கரும்புத் தோட்டத் தொழிலாளி ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரை நோக்கி, அஞ்ச வேண்டாம், எழுந்து வா என்கிறார். மேலோட்டமாகக் கேட்டால் முதலாளிக்கு எதிரான பாட்டு, அவ்வளவுதான். ஆனால் 1968 மார்ச்சில் நாடு விடுதலை பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் போர்ட் லூயிஸில் இனக் கலவரம் மூண்டதையும், 1971 டிசம்பரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுத் தொழிற்சங்கத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டதையும், பத்திரிகைகள் தணிக்கை செய்யப்பட்டதையும், பொதுத்தேர்தல் 1976 வரை தள்ளிப்போனதையும் ஆசிரியர் வரிசையாக விளக்கிய பிறகு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வேறு சமூகத்தவராக இருக்கக்கூடும் என்பது புலப்படுகிறது. அப்படியானால் பாட்டு நம்மிடம் கோரும் துணிவு இருவகைப்பட்டது: தோட்டத்து அதிகாரியிடம் அஞ்சாமை ஒன்று, அண்டை வீட்டாரிடம் அஞ்சாமை மற்றொன்று. இரண்டாவதுதான் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டின் அமைப்பும் இதற்கு ஒத்தே இருக்கிறது. முன்பாட்டுக்காரர் ஓர் அடியைப் பாட, கூட்டம் அடுத்த அடியால் பதில் சொல்கிறது; பதில் சொல்ல ஆளில்லாவிட்டால் பாட்டு நகராது.

இத்தகைய போராட்டப் பாடல்களைப் பாடிய சொலே ரூஜ், லத்தானியே ஆகிய குழுக்களைப் பற்றிய வகுப்பு அருமையாக இருந்தது. எனினும் பாம் குட்டாயன் போன்ற தமிழ்ச் சாயலுள்ள பெயர்கள் அந்த இயக்கத்தில் வருவதை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். செகாவையும் ரவானையும் மற்றவர்களுடைய பொருளாக எண்ணி வளர்ந்த தமிழ் வீடுகள் இங்கே குறைவல்ல. அதனால் அந்தப் பெயர்களில் ஆசிரியர் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். 1999 பிப்ரவரியில் போலீஸ் காவலில் இறந்த, செகாவும் ரெகேயும் கலந்த செகே இசைப் பாடகர் காயாவைப் பற்றியும், அதைத் தொடர்ந்து நாட்டை உலுக்கிய கலவரத்தைப் பற்றியும் பேசும் பகுதி இதைவிட அவசர அவசரமாக நடத்தப்பட்டது. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

கருவிகளைப் பொறுத்தவரை குறையில்லை. ஆட்டுத்தோல் ரவான்களை நம் பறையைப் போலவே தீயில் காய்ச்சி எடுத்துத் தருகிறார்கள். மழைக்காலத்துக்கென்று செயற்கைத் தோல் போர்த்தியவையும் உண்டு. அவற்றின் ஓசை எனக்குப் பிடிக்கவில்லை. மரவான் என்னும் கிலுகிலுப்பைக் கருவியைக் குலுக்குவது எளிதாகத் தெரிந்தாலும் கை வலிக்கும்.

அச்சிட்டுத் தரப்படும் பாடல் தாள்கள் கிரியோல் எழுத்துமுறையில் உள்ளன. 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் கிரியோல் விருப்பப் பாடமாக இருப்பதால் சிறுவர்கள் தடையின்றி வாசிக்கிறார்கள். பிரெஞ்சில் மட்டுமே படித்துப் பழகிய என் வயதினர் முதல் சில வாரங்கள் தடுமாற வேண்டியிருக்கும். மாதக் கட்டணம் சாதாரண டியூஷனைவிடக் குறைவு. ரவான் சொந்தமாக வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆட்டத்தை மட்டும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு இந்த வகுப்பு சலிப்பூட்டும், ஏனென்றால் முதல் மாதத்தில் பெரும்பாலும் உட்கார்ந்து கேட்கவே நேரிடும்.