சாமி மேடைக்கு எந்த லைட்டர்?

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மூன்று லைட்டர் ஐந்து வெள்ளி என்று வாங்கி வந்தேன். சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டு அம்மா விரலை எடுத்தார், சுடர் அணையவில்லை. ஊதி அணைத்தார். அப்போதும் 'உஸ்' என்று கேஸ் வந்துகொண்டே இருந்தது. "பேய் புடிச்சது, வெளிய வைடா" என்றார்.

பேய் இல்லை, வால்வு. உள்ளே அழுத்தத்தில் திரவமாக இருப்பது பியூட்டேன். சுழியம் பாகை செல்சியசிலேயே கொதிக்கும். பினாங்கு வெக்கையில் எந்நேரமும் வெளியே வரத் துடிக்கும். அதைத் தடுப்பது ஒரு சின்ன ரப்பரும் ஸ்பிரிங்கும்தான். மண்துகள் சிக்கினாலோ ரப்பர் சரியாக உட்காராவிட்டாலோ முடிந்தது கதை.

லைட்டர் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 9994இன்படி விரலை எடுத்ததும் 2 விநாடிக்குள் சுடர் அணைய வேண்டும், 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், 65 பாகைச் சூட்டில் 4 மணி நேரம் இருந்தாலும் கசியக் கூடாது. மதிய வெயிலில் பூட்டிக் கிடக்கும் காடியின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும்.

பெயருள்ள லைட்டரில் கோளாறே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தால், தயாரித்தவர் யார், எந்த மாடல் என்று தெரியும். அறிவிப்புக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். அம்மா கையில் எரிந்ததன் அடியில் ஓர் எழுத்துகூட இல்லை. யாரை, எதைத் திரும்பப் பெறச் சொல்வது?

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் 1994 முதல், மலிவான லைட்டர் என்றால், 42 முதல் 51 மாதப் பிள்ளைகளை வைத்துச் சோதிக்கும்போது குறைந்தது 85 விழுக்காட்டினரால் பற்றவைக்க முடியாததைத்தான் விற்கலாம். பொம்மை வடிவ லைட்டர்களை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் தடை செய்தது. நம் சந்தையில் துப்பாக்கி வடிவம் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள். ஒரு சங்கடம் உண்டு: பிள்ளைக்குக் கடினமான சக்கரம் அம்மாவின் மூட்டுவலிக் கட்டைவிரலுக்கும் கடினம்.

தாத்தா வைத்திருந்த பெட்ரோல் லைட்டரில் கேஸ் அழுத்தம் கிடையாது. திரி எரியும், அவ்வளவே. ஆனால் கை தவறி விழுந்தாலும் எரியும்! மூடியைச் சாத்தினால்தான் அணையும். யு.எஸ்.பி.யில் சார்ஜ் செய்யும் குட்டை மின்பொறி லைட்டர் அகல் விளக்குத் திரியை எட்டுவதில்லை. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. தீப்பெட்டி வீட்டுக்குள் நல்லது, காற்றில் ஏமாற்றும்.

என் ஓட்டு நீளமூக்கு லைட்டருக்கு. பூட்டு இருக்கிறது, விசையை இழுத்தால் போதும், கை சுடரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும். குட்டை லைட்டரைத் தலைகீழாகப் பிடித்துச் சூடம் ஏற்றினால் இரும்பு முனை கட்டைவிரலைச் சுடும் என்பது தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தேங்காய்க்குச் சூடம் ஏற்றியவர்களுக்குத் தெரியும். நீளமூக்கை வாங்கி வந்ததும் அம்மா இரண்டு நாள் முறைத்தார். இப்போது அதை ஒளித்து வைக்கிறார், நான் அடுப்படிக்கு எடுத்துப் போய்விடக் கூடாதாம்.