முன் ஃபோர்க் உயரம்: குழாயை ஏற்றுவதா, ஸ்பேசர் போடுவதா?

பழைய மோட்டார் சைக்கிளின் முன்பக்க உயரத்தை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டில்தான். தளர்த்திவிட்டு குழாயை மேலே தள்ளினால் முன்பக்கம் இறங்கிவிடும். செலவில்லை, பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். இன்னொரு கட்சி, ஃபோர்க்குக்குள் இருக்கும் ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கும் துண்டு) வைத்தாலே போதும் என்கிறது. இரண்டுமே உயரத்தை மாற்றும், ஆனால் தீர்க்கிற பிரச்சினை வேறு.

குழாயை ஏற்றுவது வண்டியின் திரும்பும் குணத்தையே மாற்றும். 1,400 மி.மீ. வீல்பேஸ் (இரண்டு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள வண்டியில் முன்பக்கம் 25 மி.மீ. இறங்கினால் ரேக், அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சின் சாய்வு, சுமார் 1 டிகிரி நிமிரும். அந்த அச்சின் நேர்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரமான ட்ரெயிலும் ஏறக்குறைய 6 மி.மீ. குறையும். வளைவில் சட்டென்று திரும்பும். நேர்ச்சாலையில் வேகம் எடுத்தால் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கலாம். அதனால் ஒரு தடவைக்கு 5 மி.மீ. தாண்ட வேண்டாம். இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் வண்டி தன் எடையிலேயே சரசரவென்று இறங்கிவிடும். கிளாம்புக்கு மேல் நீட்டியிருக்கும் அளவை இரண்டு பக்கமும் வெர்னியர் அளவுகோல் வைத்து ஒன்றாக்குங்கள். அப்புறம் ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்துவிட்டு ஃபோர்க்கை அடிவரை அமுக்கி, மட்கார்டோ டயரோ கீழ் கிளாம்பில் இடிக்கிறதா என்று பாருங்கள். பலரும் சோம்பல்பட்டு விட்டுவிடும் வேலை இது. பெரிய குழியில் இறங்கும்போது தெரியவந்தால் என்ன பயன்?

எல்லா வண்டியிலும் இதற்கு வழியும் இல்லை. பழைய ட்ரையம்ஃப், நார்ட்டன் வண்டிகள் பலவற்றில் குழாயின் தலை கூம்பாக இருக்கும். மேல் நட்டு அதை யோக்கின் (மேல் கிளாம்பின்) கூம்புத் துளைக்குள் இழுத்து இறுக்கிவிடும். பழைய புல்லட்டில் குழாய் ஹெட்லைட் கூட்டுக்குள் மரையேறி நிற்கும். நகர்த்த இடமே கிடையாது. அங்கே ஸ்பேசர்தான்.

ஸ்பேசர் மாற்றுவது, ஆள் உட்கார்ந்ததும் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்பதை. ஃபோர்க் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி, 120 மி.மீ. ஓட்டத்துக்கு 40 மி.மீ. அதைவிட அதிகம் அமுங்கினால் ஸ்பேசர் உதவும். அளவு மீறிப் போட்டால் ஃபோர்க் முழுசாக நீளும்போது 'டக்' என்று தட்டும். ஸ்பிரிங் சுருள்களும் ஓட்டம் முடிவதற்குள்ளேயே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முக்கியமாக, ஸ்பேசர் ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. பிரேக் பிடித்ததும் மூக்கு குத்துகிற வண்டிக்குப் புது ஸ்பிரிங்தான் மருந்து.

என் ஓட்டு: முதலில் அமுக்கத்தைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் திரும்ப மறுத்தால் குழாயை ஏற்றுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கோடு குழாயையும் ஏற்றினால், ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் முன்பக்கத்தை இன்னும் தாழ்த்துவதாகிவிடும்.

பின்பக்கம் நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டினாலும் ரேக் நிமிரும். தரையிலிருந்து உயரமும் குறையாது. காசு செலவாகும், அவ்வளவுதான். மாட்டிய பிறகு செயின் ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கையில்) உரசுகிறதா, சைடு ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மீறிச் சாய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.