கோடையில் அவுட்பேக் பயணம்: வழித்தடம் வகுத்துத் தருபவரிடம் பணம் கட்டுவதற்கு முன்

மெல்போர்னில் வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு, அவுட்பேக் எனப்படும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் நிற்கும் உலுரு பாறையைக் காரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருவது பெரும்பாலும் இங்கே கோடையான டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான். பள்ளிக்கு நீண்ட விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறது. ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவதும் அப்போதுதான். விருதுநகரிலிருந்து வந்திருந்த என் அப்பாவின் விசா பிப்ரவரி நடுவில் முடியவிருந்ததால், கடந்த ஜனவரியை விட்டால் எங்களுக்கு வேறு காலம் இல்லை. அந்த அவசரத்தில், பயணத் திட்டம் வகுத்துத் தருவதைத் தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் 480 டாலர் கட்டி ஏமாந்தோம். பணம் போனதைவிட, 71 வயதுப் பெரியவரையும் 11 வயதுச் சிறுவனையும் 44 டிகிரி வெயிலில் நடுச்சாலையில் உட்கார வைத்த திட்டம் அது என்பதுதான் இதை எழுதத் தூண்டுகிறது.

பணம் கட்டும் முன்பே மூன்று செய்திகளை மின்னஞ்சலில் அவருக்குத் தெளிவாக எழுதியிருந்தேன். பயணம் ஜனவரியில், அப்பாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு, தார்ச்சாலையைத் தவிர வேறு எதிலும் எனக்கு வண்டி ஓட்டிப் பழக்கம் இல்லை. அவர் அனுப்பிய எட்டு நாள் திட்டம் வரைபடத்தில் பார்க்க மிக அழகாக இருந்தது. அடிலெய்டில் வண்டி எடுத்து, போர்ட் அகஸ்டாவில் ஓர் இரவும் கூபர் பீடியில் ஓர் இரவும் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் நெடுஞ்சாலையை விட்டு விலகி வில்லியம் கிரீக் போய், அங்கே சிறு விமானத்தில் ஏறி ஐர் ஏரியை மேலிருந்து பார்த்து, பிறகு ஊட்நடாட்டா தடம் என்ற மண் சாலை வழியாக அன்று மாலையே மார்லாவில் மீண்டும் நெடுஞ்சாலையைத் தொட வேண்டும். அந்த ஒரு நாள் ஓட்டம் ஏறக்குறைய 580 கிலோமீட்டர். அத்தனையும் மண்ணும் சரளையும். அதற்கு அவர் எழுதியிருந்தது ஏழு மணி நேரம். வண்டியையும் அவரே பதிவு செய்து கொடுத்தார். "ஃபோர் வீல் டிரைவ் வண்டி, அந்தச் சாலைக்கு ஏற்றது" என்ற அவருடைய வரி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடிலெய்டில் வாடகை நிறுவனத்தின் மேசையில் ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் முதல் அதிர்ச்சி. தார்ச்சாலை அல்லாத எந்தச் சாலையிலும் வண்டியை ஓட்டக் கூடாது, ஓட்டினால் காப்பீடு முழுவதும் செல்லாது என்று அதில் இருந்தது. நகர எல்லைக்கு வெளியே சூரியன் மறைந்த பிறகு ஓட்டக் கூடாது என்றும் இருந்தது. கங்காரு, மாடு, ஒட்டகம் ஆகியவை இருட்டில் சாலைக்கு வந்து நிற்கும் நாடு என்பதால் இத்தகைய நிபந்தனை அங்கே வழக்கமானதுதான். அங்கிருந்தே திட்டம் தந்தவரை அழைத்தேன். அது எல்லா ஒப்பந்தத்திலும் எழுதியிருப்பதுதான் என்றும், எல்லாரும் போகிறார்கள், யாரும் கேட்பதில்லை என்றும் அவர் சொன்னார். தங்கும் விடுதிகளுக்கு எல்லாம் பணம் கட்டியாகிவிட்ட நிலையில் அவர் சொன்னதை நம்பிக் கையெழுத்திட்டேன். அந்த மேசையிலேயே திட்டத்தை மாற்றியிருக்க வேண்டும். மாற்றாதது என் தவறு.

கூபர் பீடியிலிருந்து வில்லியம் கிரீக் 166 கிலோமீட்டர். உலகின் மிகப் பெரிய கால்நடைப் பண்ணையான அன்னா கிரீக்கின் நிலத்தினூடே போகும் சாலை அது. நியாயமாகச் சொன்னால், குளிர்காலமான ஜூலையில், மழையற்ற நாள்களில், தகுந்த டயர் போட்ட வண்டியில், பழகியவர்கள் அச்சமின்றிப் போய்வரும் சாலைதான். எங்கள் வண்டியிலோ நகரச் சாலைக்கான மெல்லிய டயர்கள் இருந்தன. ஸ்டெப்னியும் முழு அளவு டயர் அல்ல, அடுத்த பணிமனை வரை மெதுவாக ஓட்டிப் போவதற்கென்று கொடுக்கப்படும் ஒல்லியான சக்கரம். ஏறக்குறைய அறுபதாவது கிலோமீட்டரில் கூரிய கல் ஒன்று பின்சக்கரத்தின் பக்கவாட்டைக் கிழித்தது. ஸ்டெப்னியை மாட்டி, மனைவியின் சொற்படி கூபர் பீடியை நோக்கியே திரும்பினோம். மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் வந்தும், இருபது கிலோமீட்டருக்குள் அந்தச் சக்கரமும் போய்விட்டது.

கைபேசியில் ஒரு கோடு கூடச் சமிக்ஞை இல்லை. வழி முழுவதும் தொடர்பு கிடைக்கும் என்பதும் அவர் எழுத்தில் தந்த உறுதிதான். நான்கு பேருக்கு எங்களிடம் இருந்தது பன்னிரண்டு லிட்டர் தண்ணீர். இந்தப் பகுதிகளில் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் வைத்திருக்க வேண்டும் என்பது பரவலாகத் தரப்படும் அறிவுரை என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத வெளியில், வண்டியின் நிழல் விழுந்த பக்கத்தில் அப்பாவைப் படுக்க வைத்து, ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். "தம்பி, நம்ம ஊர் வெயில் இல்லப்பா இது" என்று ஒரு முறை சொன்னவர், அதன் பிறகு பேசுவதையே நிறுத்தியதுதான் எனக்குப் பெரும் பயத்தைத் தந்தது. நடந்து போய் உதவி தேடலாமா என்று நான் எழுந்தபோது மனைவி விடவில்லை. அவர் செய்ததுதான் சரி. 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் தடத்தில் வண்டி நின்றுபோய், அதை விட்டு நடந்த ஐவர் கொண்ட குடும்பம் முழுவதும் இறந்துபோனது. வண்டியை விட்டு அகலாதே என்பதுதான் அன்று முதல் இன்று வரை அந்த நாட்டுப்புறத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு பண்ணை வண்டி ஒன்று வந்தது. அதை ஓட்டி வந்தவர் குளிர்ந்த தண்ணீர் தந்து, தம்மிடமிருந்த செயற்கைக்கோள் தொலைபேசியில் கூபர் பீடிக்குப் பேசி இழுவை வண்டியை வரவழைத்தார். அது வரும் வரை அப்பாவைத் தம் வண்டியின் ஏசியில் உட்கார வைத்துக்கொண்டார். பணம் எதையும் வாங்க மறுத்துவிட்டார்.

இழுவைக்கு 1,650 டாலர். இரண்டு டயர், ஒரு சக்கர வளையம், அடிப்பாகச் சேதம் என்று வாடகை நிறுவனம் 3,900 டாலரை என் கடன் அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டது. வண்டியில் இருந்த கண்காணிப்புக் கருவியில் நாங்கள் போன பாதை முழுவதும் பதிவாகியிருந்ததால், காப்பீட்டைப் பற்றிப் பேசவே இடமில்லை. நிறுவனத்தின் மீது எனக்குக் குறையில்லை. அவர்கள் எழுதி வைத்ததைத்தான் செய்தார்கள்.

மாற்று வண்டியில் தார்ச்சாலை வழியாகவே உலுரு சேர்ந்த பிறகு, மீதித் திட்டமும் அதே அறியாமையில் போடப்பட்டது என்பது தெரிந்தது. உலுருவுக்கு அருகிலுள்ள கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகளில் காற்றுப் பள்ளத்தாக்கு நடையைப் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்திருந்தார்; வெப்பம் 36 டிகிரியோ அதற்கு மேலோ போகும் என்று முன்னறிவிப்பு இருந்தால் அந்தப் பாதையின் பெரும்பகுதியைக் காலை 11 மணிக்கே மூடிவிடுவார்கள். கிங்ஸ் கேன்யன் விளிம்பு நடைக்கு அவர் கொடுத்த நேரம் காலை பத்து. அத்தகைய நாள்களில் ஒன்பது மணிக்கு முன் தொடங்கியாக வேண்டும். அங்கிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அவர் காட்டிய மெரீனி வழியும் மண் சாலை. அதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற ஒரு வரி கூடத் திட்டத்தில் இல்லை. பின்னர் பேசியபோது, தாம் அந்தப் பக்கம் போனது ஒரே முறை, அதுவும் ஜூலை மாதத்தில் சுற்றுலாப் பேருந்தில் என்று அவரே சொன்னார்.

ஆஸ்திரேலியாவில் பயண முகவர்களுக்கு அரசு உரிமம் கட்டாயம் என்ற நிலை 2014-இல் நீக்கப்பட்டது. யாரும் பெயர்ப் பலகை வைத்து வழித்தடம் விற்கலாம். ஆனால் 2011 முதல் நடப்பில் உள்ள நுகர்வோர் சட்டம், பணம் வாங்கிச் செய்யும் சேவை உரிய கவனத்துடன் செய்யப்பட வேண்டும் என்றும், நாம் முன்கூட்டித் தெரிவித்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்றும் சொல்கிறது. நான் எழுதிய அந்த மூன்று செய்திகள் எனக்குக் கைகொடுத்தது இங்கேதான். விக்டோரியா மாநில நுகர்வோர் விவகார அலுவலகத்தின் வழிகாட்டலைப் படித்துவிட்டு, தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்று தேதி குறித்துக் கடிதம் எழுதிய பிறகே அவர் இறங்கி வந்தார். கட்டணம் 480 டாலருடன் மேலும் 1,500 டாலர் தந்தார். மீதி எங்கள் கைப்பணம்.

கோடையில்தான் போக முடியும் என்பவர்களுக்கு என் கருத்து இதுதான்: போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை முழுவதும் தார் போட்ட ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை விட்டு இறங்காதீர்கள். கிளெண்டாம்போவிலிருந்து கூபர் பீடி வரை 250 கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் நிலையம் கிடையாது; அந்த ஒரு நீட்சியே போதுமான சோதனை. 2022 ஜனவரி மழையில் அந்த நெடுஞ்சாலையே வெள்ளத்தில் அறுந்து நாள்கணக்கில் மூடிக்கிடந்தது என்பதால், ஓரிரு நாள்களையாவது காலியாக விட்டு வையுங்கள். சிம்ப்சன் பாலைவனப் பூங்காவை ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடுவது வெப்பத்தினால்தான்; யாராவது அதைக் கோடைத் திட்டத்தில் சேர்த்துத் தந்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள். எங்களுக்குத் திட்டம் தந்தவர் அனுப்பிய ஊட்நடாட்டா, 1960 ஜனவரியில் 50.7 டிகிரி பதிவான ஊர். ஆஸ்திரேலியாவில் அதைவிட அதிக வெப்பம் இதுவரை எங்கும் பதிவானதில்லை. தார்ச்சாலையிலேயே போனாலும், செயற்கைக்கோள் வழி உதவி கோரும் PLB என்ற அவசரக் கருவி ஒன்றை வாங்கிப் பதிவு செய்து எடுத்துப் போங்கள். அதற்கு மாதச் சந்தா கிடையாது.

திட்டம் வகுப்பவரிடம் பணம் கட்டும் முன், வாடகை ஒப்பந்தத்தின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அவர் குறித்த ஒவ்வொரு சாலையும் அந்த ஒப்பந்தத்தில் அனுமதிக்கப்பட்டதா என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் தொலைபேசியில் மட்டும் வந்தால் அதைப் பதிலாகக் கொள்ள வேண்டாம்.

எங்களுக்குத் திட்டம் தந்தவர் இப்போதும் தொழில் செய்கிறார். வரும் கோடைக்கும் பலர் பணம் கட்டியிருக்கக் கூடும். உங்கள் கையில் இருக்கும் திட்டத்தின் மூன்றாம் நாளில் "கூபர் பீடி – வில்லியம் கிரீக் – ஊட்நடாட்டா – மார்லா, 7 மணி நேரம்" என்று இருக்குமானால், வண்டியை எடுக்கப் போகும் நாள் வரை காத்திருக்காமல் இன்றே அவருக்கு எழுதுங்கள்.