சம்பளம் ஏறிய மாதத்தில் என் சிபிஎஃப் இறங்கியது: துப்புரவு வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நான் சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறேன். வயது 58. ஓர் அரசாங்க அலுவலகக் கட்டடத்தில் நாலு வருஷத்துக்கு மேல் துப்புரவு வேலை பார்த்தேன். கட்டடம் அரசாங்கத்துடையது, ஆனால் சம்பளம் கொடுப்பது குத்தகை எடுத்த கம்பெனி. 2025 ஜூலை முதல் தேதி அந்தக் குத்தகை வேறு கம்பெனிக்குக் கைமாறியது. அன்றிலிருந்து டிசம்பர் வரை ஆறு மாதம், சம்பளத்திலும் சிபிஎஃப்பிலும் (முதலாளியும் ஊழியரும் மாதாமாதம் கட்டும் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதி) என்னை எப்படி ஏமாற்றினார்கள் என்பதை வெள்ளிக் கணக்கோடு சொல்கிறேன். வெள்ளி என்று நாங்கள் சொல்வது சிங்கப்பூர் டாலரை. நான் சொல்லச் சொல்ல என் மகன் தட்டச்சு செய்கிறான். விசாரணை இன்னும் முடியாததால் கம்பெனி பெயரைப் போடவில்லை. பெயர் முக்கியமும் இல்லை. இதே வேலையை வேறு பெயரில் வேறு கம்பெனியும் செய்யலாம்.

கைமாறுவதற்கு இரண்டு நாள் முன்னால், புதுக் கம்பெனியின் சூப்பர்வைசர் வந்தார். நம்ம தமிழ்ப் பையன்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். குப்பைத் தொட்டிகள் வைக்கும் இடத்தில் எங்கள் ஒன்பது பேரையும் நிற்க வைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாம் ஆங்கிலம். “இது என்ன தம்பி?” என்று கேட்டேன். “பழைய மாதிரியேதான்க்கா. அதே வேலை, அதே இடம். சம்பளம் கூடியிருக்கு, மணிக்கு பத்து வெள்ளி அம்பது காசு. சைன் பண்ணுங்க, அடுத்த சைட்டுக்கு வேற போகணும்” என்றார். பக்கத்தில் நின்ற மலாய்க்கார அம்மா என்னைப் பார்த்தார். அவரை மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். நான் போட்டால் அவரும் போடுவார் என்று எனக்குத் தெரியும். போட்டேன். அவரும் போட்டார். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

மணிக்கு 10.50 வெள்ளி ஏன் நல்லதாகத் தெரிந்தது என்று சொல்லவேண்டும். சிங்கப்பூரில் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. ஆனால் துப்புரவு வேலைக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை 2014 செப்டம்பரிலிருந்து கட்டாயம். கம்பெனியின் துப்புரவு உரிமத்துக்கு அது ஒரு நிபந்தனை. அலுவலகக் கட்டடத்தில் என்னைப் போன்ற சாதாரணத் துப்புரவாளருக்கு 2024 ஜூலையில் 1,740 வெள்ளி, 2025 ஜூலையில் 1,910, 2026 ஜூலையில் 2,080 என்று ஏறி, 2028 ஜூலையில் 2,420 வரை போகும். வாரம் 44 மணி நேரம் வேலை செய்யும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது. 1,910 வெள்ளியை மணிக்கணக்காகப் பிரித்தால் பத்து வெள்ளி சொச்சம்தான் வரும். அதனால் பத்தரை வெள்ளி என்றதும் கூடத் தருகிறார்கள் என்றே நினைத்தேன்.

வேலை நேரம்தான் மாறியது. பழைய கம்பெனியில் ஐந்தரை நாள், 44 மணி. புதுக் கம்பெனியில் ஆறு நாள், காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை, ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. மொத்தம் 48 மணி. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் ஒரு தொகை வரும். அடுத்த நாள் சூப்பர்வைசர் ஒரு கவர் கொடுப்பார். அதில் ஏழு ஐம்பது வெள்ளி நோட்டு, ஒரு பத்து, இரண்டு இரண்டு வெள்ளி நோட்டு, ஆக 364 வெள்ளி. “இதுல சிபிஎஃப் வெட்டு கிடையாதுக்கா, முழுசா உங்க கைக்கு” என்பார். வங்கியில் போடும் சம்பளம் வெட்டுக்கு முன் 1,547. இரண்டையும் கூட்டினேன், 1,911 வந்தது. அரசாங்கம் சொன்னதைவிட ஒரு வெள்ளி அதிகம். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அந்தக் கூட்டுத்தொகை தற்செயலாக வந்தது என்று இப்போது நான் நம்பவில்லை. யாரோ உட்கார்ந்து, நாங்கள் கூட்டிப் பார்ப்போம் என்று தெரிந்தே போட்ட கணக்கு அது.

நவம்பரில் பாலிகிளினிக் போய்வந்தேன். மெடிசேவில், அதாவது சிபிஎஃப்பில் மருத்துவச் செலவுக்கான கணக்கில், எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மகன் கைப்பேசியில் என் மத்திய சேம நிதிக் கணக்கைத் திறந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அம்மா, ஜூன் மாதச் சம்பளத்துக்கு 566 வெள்ளி வந்திருக்கு. ஜூலையிலேர்ந்து 503தான் வருது. சம்பளம் ஏறிச்சுன்னு சொன்னீங்களே?” என்றான்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் நான் கையெழுத்துப் போட்ட தாளை விரித்து வைத்து வரிவரியாகப் படித்துச் சொன்னான். நான் முழுநேர ஊழியர் இல்லையாம். வாரத்துக்கு 34 மணி நேர ‘பார்ட் டைம்’ ஊழியராம். ஒப்பந்தத்தில் வாரம் 35 மணிக்குக் குறைவாக இருந்தால் சட்டப்படி பகுதிநேரம். அந்த ஒரு மணி நேரத்தைக் குறைத்தாலே 1,910 வெள்ளியை முழுசாகக் கொடுக்க வேண்டியதில்லை. பத்தரை வெள்ளியை 34 மணியால் பெருக்கி மாதக் கணக்கு பார்த்தால் அதுதான் 1,547. மீதி 14 மணி நேரம் தாளில் எங்கேயும் இல்லை. அதற்குத்தான் கவர். 364 வெள்ளியை அந்த மணி நேரங்களால் வகுத்தான். மணிக்கு ஆறு வெள்ளி வந்தது.

சரியாகக் கொடுத்திருந்தால் 44 மணிக்கு 1,910 வெள்ளி. அதற்கு மேல் வாரம் நாலு மணி கூடுதல் நேர வேலை. அதற்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்குச் சுமார் 15 வெள்ளி. மொத்தம் மாதம் 2,170 வெள்ளிக்குப் பக்கத்தில் வரும். சம்பளத்தில் மட்டும் மாதம் 260 வெள்ளி போயிருக்கிறது. 2,170இல் 1,547 போக, கணக்கில் காட்டாத 600 சொச்ச வெள்ளிக்கு முதலாளி கட்டவேண்டிய சேம நிதி தனி. என் வயதில் 2025ஆம் ஆண்டு அது 15.5 விழுக்காடு. மாதம் கிட்டத்தட்ட 97 வெள்ளி. இன்னும் ஏழு வருஷத்தில் எனக்கு 65. அந்தப் பணம் எனக்குப் பின்னால் சாப்பாடு.

2019இல் சில ஆய்வாளர்கள், 65 வயதுக்கு மேல் தனியாக வாழும் ஒருவருக்கு இங்கே மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மகன் படித்துக் காட்டினான். ஆடம்பரம் ஒன்றும் அதில் இல்லை. விலைவாசி அப்போதிருந்த மாதிரி இப்போது இல்லை என்பது ஈரச்சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். மாதம் 97 வெள்ளி என்றால் சின்னத் தொகை என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். “அக்கா, எல்லா சைட்லயும் இப்படித்தான். கான்ட்ராக்ட் விலையே அவ்வளவுதான், நான் என்ன பண்ணட்டும்?” என்றார். குறைந்த விலைக்கு ஏலம் கேட்டது கம்பெனி. குறைந்த விலைக்குக் கொடுத்தது கட்டடத்துக்காரர்கள். இந்தச் சம்பள உயர்வில் ஒரு பங்கை அரசாங்கமும் ஏற்றுக்கொள்கிறது, 2025ஆம் ஆண்டுக்கு அது 40 விழுக்காடு. பொதுத்துறைக் குத்தகைக்குப் போகும் கம்பெனிகளிடம் இந்தச் சம்பள முறையைப் பின்பற்றுவதற்கான முத்திரை இருக்கவேண்டும் என்று 2023 மார்ச்சிலிருந்து விதியும் இருக்கிறது. இத்தனை இருந்தும் எங்கள் கட்டடத்தில் ஒருவர்கூட எங்களிடம் வந்து, “வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்றீங்க?” என்று கேட்கவில்லை. கழிவறை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் தினமும் கேட்டார்கள்.

ஜோகூரிலிருந்து விடியற்காலை எல்லை தாண்டி வரும் மலேசியத் தம்பி ஒருவர் எங்களோடு வேலை செய்தார். ஒர்க் பர்மிட், அதாவது வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி. அதே மாடி, அதே மாப்பு. ஆனால் இந்தச் சம்பள முறை அவருக்குப் பொருந்தாது. எனக்காவது இவ்வளவு தரவேண்டும் என்று கேட்க 1,910 என்ற ஓர் எண் இருந்தது.

வேலை தகராறுகளைச் சமரசம் பேசித் தீர்க்கும் முத்தரப்பு அமைப்பை எல்லாரும் ‘டாடம்’ என்கிறார்கள். சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாக மகன் டிசம்பரில் புகார் பதிந்தான். வேலையில் இருக்கும்போதே பதியலாம், ஒரு வருஷத்துக்குள். பெண்டமியர் ரோட்டில் உள்ள மனிதவள அமைச்சின் சேவை நிலையத்துக்கு ஜனவரியில் இரண்டு முறை போனேன். முதல் முறை கம்பெனி ஆள் கவர் என்று ஒன்றே கிடையாது என்று சாதித்தார். நான் கவர்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். சூப்பர்வைசர் கைப்பட என் பெயரும் மாதமும் எழுதியவை. வாசலில் ஒட்டியிருந்த வருகைத் தாளையும் நவம்பரிலிருந்து தினமும் படம் எடுத்திருந்தேன். “நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க” என்ற வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தன.

உடனே பேச்சு மாறியது. அது போக்குவரத்துப்படி என்றார்கள். சமரசம் பேசும் அதிகாரி, அந்தப் பெண், நிதானமாகக் கேட்டார்: அது போக்குவரத்துப்படி என்றால், இந்த அம்மா வாரம் 14 மணி நேரம் செய்த வேலைக்குச் சம்பளம் எங்கே? கம்பெனி ஆளுக்குப் பதில் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் முறை 1,400 வெள்ளிக்கு ஒத்துக்கொண்டார்கள். நான் ஆறு மாதத்துக்கும் சேர்த்துக் கேட்டது 1,556. ஒத்துவராமல் போயிருந்தால் வேலைக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கலாம். அங்கே வக்கீல் கிடையாது, 20,000 வெள்ளி வரை கேட்கலாம். தொழிற்சங்கம் மூலம் போனால் 30,000. எனக்கு அதற்குமேல் அலைய உடம்பு இடம் கொடுக்கவில்லை. சேம நிதிப் பாக்கிக்குத் தனியாக மத்திய சேம நிதிக் கழகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அது இன்னும் வரவில்லை. குத்தகை மாறியதில் போன வேறு சிலதும் திரும்ப வராது. வருஷம் 11 நாள் இருந்த விடுப்பு முதல் வருஷக் கணக்குக்கு இறங்கியது. ஒரே கம்பெனியில் 12 மாதம் முடித்தால் கிடைக்கும் இரண்டு வாரச் சம்பள போனசும் போனது.

உங்கள் கட்டடத்தில் குத்தகை மாறுகிறது என்றால், தாளில் முதலில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற இடத்தைத் தேடுங்கள். சம்பளம் எழுதிய இடத்தை அப்புறம் பார்க்கலாம். படிக்கத் தெரியாவிட்டால் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். “டைம் இல்ல” என்றால், வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்து 14 நாளுக்குள் வேலை விவரங்களை எழுத்தில் தரவேண்டியது அவர்கள் கடமை. சம்பளச் சீட்டும் மாதாமாதம் கேளுங்கள், 2016 ஏப்ரலிலிருந்து அது சட்டம். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதிக்குள் போன மாதத்துச் சேம நிதியை முதலாளி கட்டவேண்டும். அந்தத் தொகையைப் பாருங்கள். சூப்பர்வைசர் சொல்வதைவிட அந்த எண்ணை நம்புங்கள். கவர் கொடுத்தால் வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டு நிலைமை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. வாங்கினால் கவரைத் தூக்கிப் போடாதீர்கள்.

மக்சிக் இன்னும் புகார் கொடுக்கவில்லை. அவருக்கு 66 வயது, டிசம்பர் 31 அன்று வேலையை விட்டுவிட்டார். புகார் கொடுத்தால் இனி எங்கேயும் வேலை கிடைக்காது என்று பயப்படுகிறார். வேலையை விட்டவர்களுக்கு ஆறு மாதம்தான் அவகாசம், ஜூன் மாதத்தோடு முடிந்துவிடும். அவருடைய சம்பளச் சீட்டுகளை மகன் படம் எடுத்து வைத்திருக்கிறான். வரும் செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு நாள். காலையில் அவர் புளோக்கின் கீழே காத்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.