கோர்க் மினிலாக்: நாலு வாய்ஸில் நல்ல கார்ட் வருமா?

மினிலாக் வாங்கலாமா என்று விசாரிக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: "நாலு வாய்ஸ்தானே இருக்கு, பத்துமா?" 2016-ல் வந்த இந்த அனலாக் சின்தில் (மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் கீபோர்டு) ஒரே நேரத்தில் நான்கு நோட்டுதான் ஒலிக்கும். ஐந்தாவது விரலை வைத்தால் ஏற்கெனவே ஒலிக்கிற ஒன்று அறுந்துபோகும். கோலாலம்பூர் செந்தூலில் பிளாட் வீட்டு அறை ஒன்றில் சில வருடங்களாக இதை வைத்து உள்ளூர்த் தமிழ்ப் பாட்டுகளுக்கு இசை போடுகிறேன். என் கார்ட்கள் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுக் கூட்டங்கள்) கேட்கிற மாதிரி ஆனதற்கு இந்தக் கஞ்சத்தனம்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சாதனத்தைப் பற்றிச் சுருக்கமாக. வாய்ஸுக்கு ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் இரண்டு, மேல் அதிர்வுகளை வெட்டும் ஃபில்டர் ஒன்று (இரண்டு போலாகவும் நான்கு போலாகவும் மாற்றலாம், நான்கில் வெட்டு பலமாக இருக்கும்), அலையை வரைந்து காட்டும் குட்டித் திரை, 37 சன்னமான கட்டைகள். எஃபெக்ட் என்று பார்த்தால் எதிரொலி கொடுக்கும் டிலே மட்டும்தான். ஒலியைத் தடிப்பாக்கும் கோரஸும், மண்டபத்து முழக்கம் கொடுக்கும் ரிவெர்பும் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கணினி சின்தில் வாய்ஸுக்குப் பஞ்சமில்லை. அதனால் இடது கையில் முழு கார்ட், வலது கையில் அதே கார்ட் என்று அப்பிவிடுவோம். தனியாகக் கேட்டால் பிரம்மாண்டம், பாட்டுக்குள் வைத்தால் சேறு. காரணம் எளிது. கீழே இரண்டாவது ஸ்தாயியில் சி 65 ஹெர்ட்ஸ், ஈ 82 ஹெர்ட்ஸ். இடைவெளி வெறும் 17. அவ்வளவு தாழ்வில் அவ்வளவு நெருக்கமாக வரும் இரண்டு ஒலிகளைக் காது பிரித்துக் கேட்காது, கலங்கலாகத்தான் கேட்கும். அதே ஜோடி நடு சி-யில் ஆரம்பித்தால் 262-க்கும் 330-க்கும் நடுவே 68 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது, தெளிவாக இருக்கிறது. நாலே வாய்ஸ் இருக்கும்போது ஒன்றைக் கொண்டுபோய்க் கீழே வீணாக்க மனசு வராது. மூல நோட்டைக் கீழ் ஒலி வாசிக்கும் பேஸிடம் விட்டுவிட்டு, கார்டை நடு சி-யைச் சுற்றி வைக்கத் தானாகப் பழகிவிடும். அதிலும் நம் ஊர்ப் பாட்டில் உறுமி மேளம் நுழைந்துவிட்டால் கீழ்ப் பகுதியில் யாருக்கும் இடமில்லை. பேஸே ஒதுங்கித்தான் போக வேண்டும்.

அடுத்தது கார்டிலிருந்து கார்டுக்குப் போகும் வழி. எல்லாரும் அடிக்கும் ஏ மைனர், எஃப், சி, ஜி வரிசையையே எடுத்துக்கொள்வோம். மூன்று விரலை ஒரே வடிவத்தில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கித் தூக்கி வைத்தால் நாலும் நாலு தனித்தனிக் குத்தாக விழும். நான் வைப்பது இப்படி. முதலில் ஈ, ஜி, ஏ, சி. அதில் ஜி-யை மட்டும் எஃப்-க்கு இறக்கினால் எஃப் மேஜர் செவன். அங்கிருந்து எஃப் ஜி-க்கும் ஏ பி-க்கும் ஏறினால் சி மேஜர் செவன். கடைசியில் மேலே இருக்கும் சி மட்டும் டி-க்குப் போனால் ஜி சிக்ஸ். கீழே உள்ள ஈ நாலு கார்டிலும் அசையாமல் நிற்கிறது. பேஸ் தனியாக ஏ, எஃப், சி, ஜி என்று நடக்கிறது. கை அசைவதே தெரியாது, ஆனால் பாட்டு நகரும். ஒரு இடம் மட்டும் கவனிக்க வேண்டும்: இரண்டாவது கார்டில் ஈயும் எஃப்பும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. சா அலையில் (ரம்பப் பல் வடிவ அலை) ஃபில்டரைத் திறந்து வைத்தால் அந்த இரண்டும் உரசும். எஃப்-தான் பேஸில் இருக்கிறதே, மேலே அதை எடுத்துவிட்டால் போயிற்று. மூன்று நோட்டில் கார்ட் இன்னும் அழகாகிறது.

பேட் (பின்னணியில் நீண்டு நிற்கும் ஒலி) என்றாலே ரிலீஸை, அதாவது விரலை எடுத்த பின் ஒலி தேயும் நேரத்தை, நீளமாக வைப்பது வழக்கம். இதில் அது எடுபடாது. முந்தைய கார்டின் வால் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை அமுக்கினால் அந்த வாய்ஸ்களைத்தான் அது பிடுங்கிக்கொள்ளும், வால் பட்டென்று வெட்டுப்படும். ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது ரிலீஸைக் குட்டையாக வைத்து, நீளத்தை வெளியே ரிவெர்ப் கொடுக்கும்படி செய்கிறேன். ரிவெர்புக்கு முன்னால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவேன். அட்டாக்கை (ஒலி எழும்ப எடுக்கும் நேரம்) கொஞ்சமே கொஞ்சம் தள்ளி வைத்தால் டிரம் முதலில் விழும், கார்ட் அதன் பின்னால் மலரும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் பாடகர்களோடு உட்காரும்போது தெரியவந்தது. கர்நாடக சங்கீதம் கற்ற ஒரு தங்கை, சுருதி ஐந்தரைக் கட்டை, கரகரப்பிரியா சாயலில் ஒரு பல்லவி. ஏ கட்டையிலிருந்து அரைச் சுரம் கீழே, ஜி ஷார்ப்பில் ஷட்ஜம் வைத்து மைனர் செவன் பேட் போட்டேன். இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினாள். "அண்ணே, என் காந்தாரத்த அது புடிச்சி இழுக்குது." சரியாகத்தான் சொன்னாள். அந்த ராகத்தில் காந்தாரம் (க) ஒரு இடத்தில் நிற்கிற சுரம் இல்லை, அசைந்துகொண்டே இருப்பது. பேடோ அதே சுரத்தை ஆணி அடித்த மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஸ, ப, நி, மேல் ஸ்தாயி ரி என்று நான்கை வைத்தோம். நாலு வாய்ஸுக்கு அளவெடுத்துத் தைத்த கார்ட். காந்தாரம் முழுக்கப் பாடகிக்கு. மைனர் உணர்வை அவள் குரலே கொடுத்துவிடுகிறது, பேட் சும்மா விரிந்து கிடக்கிறது.

சங்கராபரணம், கல்யாணி மாதிரி அந்தர காந்தாரம் வரும் பாட்டிலும் இதே கதை வேறு விதமாக உண்டு. கீபோர்டில் இருக்கும் மேஜர் மூன்றாவது (சி-க்கு ஈ), தம்பூராவில் காது தேடும் சுத்தமான காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் தூக்கல் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). நடு சி-யின் ஐந்தாவது ஹார்மானிக் (அதிர்வெண்ணின் ஐந்து மடங்கு) 1308 ஹெர்ட்ஸில் விழுகிறது, மேலே ஈ-யின் நான்காவது ஹார்மானிக் 1318-ல். இரண்டுக்கும் நடுவே வினாடிக்குப் பத்து அதிர்வு என்று ஒரு நடுக்கம் கிளம்பும். சா அலையில் ஃபில்டரைத் திறக்கும்போது கார்ட் கரகரப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த எல்லைக்குக் கீழே ஃபில்டரை மூடினால், அதுவும் நான்கு போலில் மூடினால், நடுக்கம் அடங்கிவிடுகிறது. மூன்றாவது நோட்டை எடுப்பதா ஃபில்டரை மூடுவதா என்று பாட்டைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாவது ஆசிலேட்டரை என்ன செய்வது? சில சென்ட் விலக்கி வைப்பதைத்தான் எல்லாரும் செய்வார்கள். நன்றாகவே இருக்கும். அதை ஏழு அரைச் சுரம் மேலே, பஞ்சமத்தில் வைத்துப் பாருங்கள். ஏ மைனர் செவன் அமுக்கினால் பி-யும் டி-யும் இலவசமாகச் சேர்ந்து வரும். அளவு குறைவாக, பின்னால் நிற்கிற மாதிரி. ஆனால் கார்ட் முழுவதையும் ஒலியை முரடாக்கும் டிஸ்டார்ஷனுக்குள் தள்ளாதீர்கள். நோட்டுகள் ஒன்றோடொன்று மோதி, கார்டில் இல்லாத சுரங்களெல்லாம் பிறக்கும். அந்த முரட்டுத்தனம் பேஸுக்கு மட்டும் போதும்.

கார்ட் மோடு என்று ஒன்று இருக்கிறது, ஒரு விரலில் முழுக் கார்டும் வரும். ஹவுஸ் என்கிற நடன இசைப் பாட்டுகளில் வெட்டி வெட்டி அடிப்பதற்கு அருமை. மற்றபடி எல்லாக் கார்டும் ஒரே வடிவத்தில் வழுக்கிக்கொண்டு போவதால் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிட்டது.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். அனலாக் ஆசிலேட்டரின் சுருதி சூட்டுக்கு ஏற்ப நகரும் குணம் உள்ளது. சாதனம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்றாலும், ஏர்கோனைப் போட்டு அறை குளிர்ந்து ஒரு நிலைக்கு வரும்வரை நான் பதிவு செய்வதில்லை. மாலையில் இடி இறங்க ஆரம்பித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாமாக் கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போய்விடுவேன்.

இதற்காகவே வெள்ளி செலவழித்து வாங்கத்தான் வேண்டுமா? கட்டாயம் இல்லை. கணினி சின்தான சர்ஜ் எக்ஸ்டி முழுக்க இலவசம், வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. இரண்டிலும் வாய்ஸ் எண்ணிக்கையை நாலுக்குக் குறைத்துவிட்டு ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள், இங்கே சொன்னதில் பாதி தானாக வந்துவிடும். 1978-ல் வந்த புரொஃபெட்-5 சின்துக்கு ஐந்து வாய்ஸ், 1984-ல் வந்த ஜூனோ-106-க்கு ஆறு. நாம் இன்றைக்கும் ஏங்குகிற பேட் சத்தங்கள் அவற்றில் வாசித்தவைதான். திருகுகளைக் கையால் திருப்பிக்கொண்டே வாசிக்க ஆசை இருந்தால் மட்டும் மினிலாக். பழையது கிடைத்தால் பழையதே போதும், வாங்கும் முன் எல்லாத் திருகையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பியானோ வாசித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சன்னக் கட்டை பிடிக்காது. பின்னால் மிடி இருக்கிறது, யூஎஸ்பியும் இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் பெரிய கீபோர்டை மாட்டி வாசித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.