பிஷான்–ஆங் மோ கியோ பூங்கா: நிலத்தோற்ற வடிவமைப்பு மாணவர்களுக்குக் களமாக எப்படி?

கள ஆய்வுக்காகச் சிங்கப்பூர் வரும் மாணவர் குழுவின் கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், கரையோரப் பூந்தோட்டங்களை (Gardens by the Bay) விட்டுவிட்டு பிஷானுக்குப் போகலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது; பிஷான் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

62 ஹெக்டேர் பூங்கா இது. காலாங் ஆறு முன்பு இதன் ஓரமாக 2.7 கி.மீ. நீளத்துக்கு நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அதை உடைத்து, 3.2 கி.மீ. வளைந்து ஓடும் ஆறாக்கி, 2012 மார்ச்சில் திறந்தார்கள். உடைத்த கான்கிரீட்டில் ஒரு பகுதி பூங்காவுக்குள்ளேயே குன்றாக நிற்கிறது. வேலையைத் தொடங்குமுன் அதில் ஏறி ஆற்றின் போக்கைப் பார்த்துவிட வேண்டும்.

இங்கே கற்க வேண்டிய முதல் பாடம் அகலம். கான்கிரீட்டை எடுத்துவிட்டுப் புல் போட்டால் ஆறு திரும்பிவிடும் என்று நினைக்கும் மாணவர்கள் நிறைய. கால்வாயில் நீரின் வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் கான்கிரீட்டின் கரடுமுரடுக் கெழு சுமார் 0.015; செடி அடர்ந்த கரைக்கு அது 0.045-ஐத் தாண்டும். சரிவும் ஆழமும் மாறாவிட்டால் நீரின் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அப்படியானால் அதே வெள்ளத்தைக் கடத்த மூன்று மடங்கு குறுக்குவெட்டுப் பரப்பு வேண்டும். அதனால்தான் 17 முதல் 24 மீட்டர் அகலமிருந்த கால்வாய், பெருமழையில் ஏறக்குறைய 100 மீட்டர் வரை பரவும்படி மாற்றப்பட்டது. மற்ற நேரத்தில் மக்கள் உட்காரும் புல்வெளிதான் அந்த வெள்ளச் சமவெளி.

இதை வெறுமனே நடந்து பார்த்தால் புரியாது, ஆற்றின் குறுக்குவெட்டை அளந்து வரைய வேண்டும். நான்கைந்து பேருக்கு ஒரு குழு, 30 மீட்டர் டேப், பின்னிய நூல், நூலில் மாட்டும் ரசமட்டம், 2 மீட்டர் அளவுகோல் இரண்டு போதும். ஆற்றுக்குக் குறுக்காக ஐந்தைந்து மீட்டராக நகர்ந்து, சரிவு மாறும் ஒவ்வொரு இடத்திலும் உயரத்தைக் குறிக்க வேண்டும். நூலை நீளமாக இழுத்தால் தொய்யும். ரசமட்டம் நூலின் நடுவில் இல்லாவிட்டால் அந்தத் தொய்வு பிழையாகி, அடுத்தடுத்த அளவுகளில் சேர்ந்துகொண்டே போகும். நீரின் ஆழத்தைப் பாலத்திலிருந்து தூக்குக்குண்டு இறக்கி அளக்கலாம். ஆற்றில் இறங்கத் தேவையில்லை. 1:200 அளவில் 100 மீட்டர் 50 செ.மீ. ஆகும், ஏ2 தாளில் அடங்கும். உயரத்தை மட்டும் பெரிதாக்கி வரையவிடாதீர்கள். மெதுவாகச் சரியும் கரை மலைச்சரிவு போலத் தெரியும். நீர் விளிம்போடு கோட்டை நிறுத்திவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. அப்படி வரைந்தால் வெள்ளச் சமவெளி விடுபட்டு, பாடமே போச்சு.

குறையும் உண்டு. இங்கே 60 மீட்டர் சோதனைப் பகுதியில் செடிகளைக் கொண்டு கரை மண்ணைப் பிடித்து நிறுத்தும் பத்து விதமான மண்-தாவரக் கட்டுமான முறைகளைப் பரிசோதித்து, ஏழு முறைகளை ஆற்றங்கரைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சுள்ளிக்கட்டு, நாணல் உருளை, செடி நட்ட கம்பிவலைக் கற்கூடை என்பன அவற்றில் சில. இன்று செடிகள் வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிட்டதால், தேடினாலும் கண்ணில் படுவது அரிது. வேலை வெற்றி பெற்றதற்கு அதுவே சான்று, ஆனால் மாணவருக்குப் பயனில்லை. கட்டுமானக் காலப் படங்களையும் விவர வரைபடங்களையும் முன்கூட்டியே அச்சிட்டுக் கையில் கொடுங்கள். மேரிமவுண்ட் சாலைக்கு மேற்கே உள்ள தாவர வடிகட்டிப் படுகைகளுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நீரைச் செடியும் மண்ணும் சுத்திகரிப்பது அங்கே தெளிவாகத் தெரியும்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் அளவெடுப்பதை முடித்துவிடுவது நல்லது. பிற்பகல் இடிமழை சாதாரணம், நீர்மட்டம் மிக வேகமாக ஏறும். எச்சரிக்கை ஒலி கேட்டாலோ விளக்கு சுழன்றாலோ, கருவியை விட்டுவிட்டாவது மேட்டுக்கு வந்துவிட வேண்டும். மழை விட்டபின் பாலத்தில் நின்று, நீர் எதுவரை ஏறியது என்பதைக் காலையில் வரைந்த குறுக்குவெட்டில் குறிக்கச் சொல்லுங்கள். இலை, கிளை எதையும் பறிக்கக் கூடாது. படம் மட்டும் எடுக்கலாம்.

சென்னையிலிருந்து வருபவர்கள் இதை அப்படியே அடையாற்றுக்குப் பொருத்த முடியாது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மழை. பூங்கா நிலமும் கால்வாயை ஒட்டியே இருந்தது. சென்னையிலோ வடகிழக்குப் பருவமழையில் பெருக்கு, கோடையில் வறட்சி. பல இடங்களில் கரைவரை கட்டடங்கள். கிளம்புமுன் ஊரில் ஒரு கால்வாயின் குறுக்குவெட்டை 1:200-இல் வரைந்து எடுத்து வாருங்கள். பிஷான் தாளின் மேல் அதை வைத்தால், எத்தனை மீட்டர் நிலம் போதவில்லை என்பதை ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம்.